பதினொரு காலி இருக்கைகள்

புதுக் காற்று வந்தபோது டிஸ்பேட்சர் அன்றைய இரண்டாவது டீயை ஊதிக்கொண்டிருந்தார். அந்த அறையில் காற்று வந்தது என்றால் யாரோ ஜன்னலைத் திறந்தார்கள் என்று அர்த்தமில்லை. அங்கே ஜன்னலே கிடையாது. விமானம் பறக்கிற உயரத்தில் எந்த இடத்தில், எந்தப் பக்கமாக, எவ்வளவு வேகத்தில் காற்று அடிக்கப்போகிறது என்ற கணிப்பு ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை கணினிக்கு வந்து சேரும். அதற்குத்தான் அங்கே காற்று என்று பெயர். "காத்து வந்துடுச்சா?" என்று கேட்டபடிதான் ஒவ்வொரு ஷிப்ட்காரரும் உள்ளே நுழைவார்கள். அன்று அது வந்த நேரத்தில், தூர நகரத்துக்குப் போகிற நேர் விமானம் கிளம்பிப் போயே போயிருக்க வேண்டும். போகவில்லை. பயணிகளை ஏற்றி முடித்த பிறகு ஒரு சக்கரத்தில் வெட்டு இருப்பதைப் பார்த்துவிட்டு, மாற்றிக்கொண்டிருந்தார்கள். சக்கரம் மாற்ற முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணிக்குள் காற்று வந்து தொலைத்தது. அந்த விமானத்தின் பின்பக்கத்தில், ஜன்னல் ஓரமாக, அவருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள்.

அவருடைய வேலை என்னவென்று உறவில் பாதிப் பேருக்குத் தெரியாது. டிஸ்பேட்ச் என்றதும் பார்சல் கட்டி அனுப்புகிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒரு பெரியப்பா பல வருஷமாக அவரைப் பார்க்கும்போதெல்லாம், கிலோவுக்கு என்ன ரேட் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். உண்மையில் அவர் கட்டியது ஒன்றுமில்லை, எல்லாம் கணக்குதான். ஒரு விமானம் எந்த வழியாகப் போகவேண்டும், எத்தனை மணி நேரம் ஆகும், அதற்கு எவ்வளவு எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமந்த பிறகு எவ்வளவு ஆளும் சரக்கும் ஏற்றலாம் என்று போட்டுக் கொடுப்பார். அந்தத் திட்டத்தில் கேப்டனும் கையெழுத்துப் போடவேண்டும், இவரும் போடவேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் விமானம் நகராது.

விஷயம் தெரிந்த சொந்தக்காரர்கள் விசேஷ வீடுகளில் அவரைப் பிடித்துக்கொள்வார்கள். "அந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?" என்று கேட்பார்கள். அவர் முகத்தில் சிரிப்பே இல்லாமல் "என்னிக்கு?" என்று திருப்பிக் கேட்பார். தலைக்கனம் பிடித்த ஆள் என்று அதனாலேயே பேர் வாங்கினார். ஆனால் மனுஷர் சொன்னது நிஜம். தரையில் அளந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே பதின்மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர், அது என்றைக்கும் மாறாது. விமானம் தரையில் ஓடுவதில்லையே. எதிரே காற்று அடிக்கிற நாளில் அதே இரண்டு ஊருக்கு நடுவே பதினைந்தாயிரம் கிலோமீட்டர் காற்றைத் தாண்டியாகவேண்டும். திரும்பி வரும்போது அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளும். இதை யாரிடம் விளக்குவது? அவருடைய மச்சான் மட்டும், அதாவது மனைவியின் தம்பி, இதை வைத்தே அவரை ஒரு வழி பண்ணுவான். "சாப்ட்டியாடா?" என்று யாராவது கேட்டால் மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு "என்னிக்கு?" என்பான். வீடே சிரிக்கும், அவரும் சிரிப்பார்.

அந்த மச்சான்தான் இப்போது தூர நகரத்தில் மருத்துவமனையில் கிடந்தான். இதயத்திலிருந்து கிளம்புகிற பெரிய ரத்தக்குழாய் வீங்கிப்போயிருந்தது. மறுநாள் காலை அறுவை சிகிச்சை. பிழைக்கப் பாதி வாய்ப்பு என்று டாக்டர்கள் மறைக்காமல் சொல்லிவிட்டார்கள். அம்மா போனபோது அவனுக்கு நாலு வயசு, அக்காவுக்குப் பதினாலு. அவள் இடுப்பிலேயே வளர்ந்தவன். நாற்பத்தைந்து வயசில் தலை நரைத்து, இரண்டு பிள்ளை பெற்ற பிறகும் ஊசி என்றால் ஊரைக் கூட்டுகிறவன். போனில் அவன் அழவில்லை, அதுதான் அவளுக்குப் பயமாகிவிட்டது. "அக்கா, நீ வந்து பக்கத்துல நில்லு. அப்புறம் எங்க வேணா தள்ளிட்டுப் போகட்டும்" என்றான். அந்த நேர் விமானத்தில் போனால் அவன் அறுவைக்குப் போவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் போய் இறங்கலாம். வேறு எந்த விமானத்தில் போனாலும் வழியில் ஓர் ஊரில் இறங்கி மாறவேண்டும், அறுவை முடிந்த பிறகுதான் போய்ச் சேரலாம்.

இதில் ஒரு கூத்து நடந்தது. கூத்து என்றா சொல்வது, அந்த வீட்டில் அது வழக்கம். இருபத்து நாலு வருஷத்தில் அவர்கள் ஒரு முறைகூட விமான டிக்கெட் வாங்கியதில்லை. ஊழியர் குடும்பத்துக்கு ஸ்டாஃப் டிக்கெட் உண்டு. இடம் இருந்தால் ஏறிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அடுத்த விமானம். நாலு நாள் முன்னால் அவள் கேட்டாள்: "இந்த ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிடலாமா?" அவர் கணினியில் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எதுக்கு? பதினொரு சீட் காலியா கிடக்குது. ஏர்லைன்காரன் வீட்ல டிக்கெட் வாங்கினாங்கன்னு தெரிஞ்சா ஆபீஸ்ல கைகொட்டிச் சிரிப்பான்." அவள் ஸ்டாஃப் டிக்கெட்டையே எடுத்துக்கொண்டாள். அவர் சொன்னது பொய்யும் இல்லை, பதினொரு இருக்கை கடைசிவரை காலியாகத்தான் இருந்தது.

ஆனால் காலி இருக்கை வேறு, காலி எடை வேறு. புதுக் காற்றைப் போட்டுக் கணக்கை ஓட்டினார். பழைய காற்றில் பதினாறு மணி ஐந்து நிமிடம் என்றிருந்த பயணம் பதினாறு மணி நாற்பது என்று நின்றது. முப்பத்தைந்து நிமிடம்தானே என்று தோன்றும். அவ்வளவு பெரிய விமானம் அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்குக் குடிக்கிற எரிபொருள் நாலு டன். விமானம் ஏற்கெனவே தூக்கக்கூடிய கடைசி எடையில் நின்றது. நாலு டன் எரிபொருள் ஏற்ற வேண்டுமென்றால் நாலு டன் வேறு எதையாவது இறக்கவேண்டும். சரக்கில் கைவைத்தார். இயந்திர உதிரிகள், துணிப் பொதிகள், பூப்பெட்டிகள் என்று இறக்கக்கூடியதை எல்லாம் இறக்கியும் இன்னும் முந்நூறு கிலோ இடித்தது. ஸ்டாஃப் டிக்கெட்டில் மூன்று பேர் ஏறியிருந்தார்கள்: அவர் மனைவியும், ஒரு விமானப் பணிப்பெண்ணின் அப்பா அம்மாவும். மூட்டை முடிச்சோடு சேர்த்து அந்த மூன்று பேரும் முந்நூறு கிலோ. விதி தெளிவு, எடை இடித்தால் முதலில் இறங்குவது சரக்கு, அடுத்து இறங்குவது ஸ்டாஃப் டிக்கெட், காசு கொடுத்தவன் கடைசி. அவர் மனைவி மழையில் நனைந்து நின்றாலும் ஐம்பது கிலோ தாண்டமாட்டாள். கணக்கில் எல்லோருக்கும் ஒரே எடைதான், மலை மாதிரி இருப்பவனும் எண்பத்தைந்து, அவளும் எண்பத்தைந்து.

அவர் சும்மா விட்டுவிடவில்லை. விமானத்தின் வழியை வடக்கே ஏற்றிப் பார்த்தார். தெற்கே இறக்கிப் பார்த்தார். சில நாளில் அறுநூறு கிலோமீட்டர் சுற்றிப்போனால் காற்றுக்குத் தப்பி நேரம் குறையும். சுற்று வழியே சீக்கிர வழியாக அமையும். அன்று தெற்கே இறங்கினால் மிச்சம் ஒரே நிமிடம். உயரத்தை மாற்றினார், அதுவும் எடுபடவில்லை. பக்கத்து மேஜையில் இருந்த ஜூனியர் பெண் அவருடைய திரையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் அவர் மனைவியை விமானம் வரை கூட்டிப்போய் விட்டுவந்தது அவள்தான்.

"சார், நடுவழி பிளான் போட்டா?" என்றாள்.

அவருக்கும் அது தோன்றாமல் இல்லை. முழு வழிக்கும் உபரி எரிபொருள் சுமப்பதற்குப் பதிலாக, கடலுக்கு நடுவே ஒரு தீவில் இருக்கும் விமான நிலையத்தை வைத்துக் கணக்குப் போடலாம். அந்தத் தீவை நெருங்கும்போது கேப்டன் எரிபொருளைப் பார்ப்பார். போதுமென்றால் நேரே போய்விடலாம், போதாதென்றால் தீவில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். திருட்டு வேலை ஒன்றுமில்லை, விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. அப்படிப் போட்டால் சரக்குதான் இறங்கும், மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். ஒரே நிபந்தனை, விமானம் அங்கே போகிற நேரத்தில் அந்தத் தீவு இறங்கத் தோதாக இருக்கவேண்டும். அவர் தீவின் வானிலையைத் திறந்தார். முப்பது சதவீதம் இடிமழைக்கு வாய்ப்பு என்று போட்டிருந்தது.

நாற்பது என்று இருந்தால் பேச்சே இல்லை, அந்தத் தீவைத் தொடக்கூடாது. முப்பது என்றால் டிஸ்பேட்சர் பார்த்து முடிவு பண்ணலாம். இருபத்து நாலு வருஷத்தில் இந்த முப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார். சில நாள் 'போகட்டும்' என்று போட்டிருக்கிறார், சில நாள் மனசுக்கு ஒப்பாமல் விட்டிருக்கிறார். எந்த நாள் எதற்காக அப்படிச் செய்தார் என்று கேட்டால் அவரால் சொல்லமுடியாது. கை பழகின வேலை. அன்று கை பழக்கம் போய்விட்டது. போடலாம் என்று நினைத்தால், உன் பெண்டாட்டிக்காகத்தானே போடுகிறாய் என்று உள்ளே ஒரு குரல். போடவேண்டாம் என்று நினைத்தால், உன் பேர் கெடக்கூடாது என்றுதானே வேண்டாம் என்கிறாய் என்று அதே குரல். முந்நூறு பேர் அந்த விமானத்தில் இருக்கிறார்கள். அதில் ஒருத்தி மட்டும் தன் வீட்டுக்காரி என்பதை மறந்துவிட்டு அந்த முப்பதைப் பார்க்க முயன்றார். முடியவில்லை. டீ ஆறிப்போய் மேலே ஆடை படிந்திருந்தது.

கேப்டன் விமானத்திலிருந்து கூப்பிட்டார். "சக்கரம் மாத்தியாச்சு சார். புதுக் காத்து வந்திருக்குன்னு கேள்விப்பட்டேன். நம்ம கதி என்ன?"

"பதினாறு நாப்பது கேப்டன். நாலு டன் கூட வேணும். சரக்கு இறங்குது. ஸ்டாஃப்ல மூணு பேர் இறங்கணும்."

"அடடா. மூணு பேருக்காக, நடுவழி பிளான் பாக்கலாமா?"

"பாத்தேன். தீவுல முப்பது பர்சன்ட் இடிமழை போட்டிருக்கான்."

"முப்பதா..." கேப்டன் இழுத்தார். "நீங்க என்ன சொல்றீங்க? எனக்கு ரெண்டும் ஓகேதான். நீங்க சொன்னா சரி."

கேப்டனுக்கு அந்த மூன்று பேரில் ஒருத்தி யார் என்று தெரியாது. தெரிந்திருந்தால், "சார், நடுவழியே போடுங்க, நான் பாத்துக்கறேன்" என்று அவரே சொல்லியிருப்பார், நல்ல மனுஷர். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். டிஸ்பேட்சர் அந்த வாக்கியத்தை வாய்வரை கொண்டுவந்தார். பிறகு, "எனக்கு முப்பது பிடிக்கல கேப்டன். முழு எரிபொருளோட போங்க" என்றார்.

"முடிஞ்சது. எரிபொருள் லாரியை அனுப்புங்க."

போனை வைத்ததும் ஜூனியர் பெண் திரும்பினாள். அவள் கண் கலங்கியிருந்தது, கோபத்தில். "வேற யார் வீட்டு ஆளா இருந்தாலும் நீங்க போட்டிருப்பீங்க சார்" என்றாள்.

"வாயை மூடிட்டு வேலையைப் பாரும்மா" என்றார் அவர். இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிப் பேசியதே இல்லை. அப்புறம் பயணிகள் ஏறுகிற கேட்டுக்குப் போன் போட்டு, ஸ்டாஃப் பயணிகள் மூன்று பேரின் இருக்கை எண்களைச் சொன்னார். மனைவியின் இருக்கை எண்ணை மூன்றாவதாகச் சொன்னார்.

அவர் ஊழியர் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மற்ற இருவரும் முன்னால் வந்துகொண்டிருந்தார்கள். பணிப்பெண்ணின் அப்பா, சுற்றுலாவுக்கென்று வாங்கின புதுத் தொப்பியோடு, கேட்டில் இருந்த பெண்ணைப் பிடி பிடியென்று பிடித்துக்கொண்டிருந்தார்: "சீட்டு காலியா கிடக்குதும்மா! என் கண்ணால எண்ணினேன்! காலி சீட்டை ஏத்திட்டுப் போறீங்க, ஆளை இறக்குறீங்க, எந்த ஊர் நியாயம் இது?" அவர் பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "விடுங்க, நம்ம பொண்ணு வேலைக்கு உலை வச்சிடாதீங்க" என்று அடக்கிக்கொண்டிருந்தாள். இந்தச் சந்தடிக்குப் பின்னால், தோளில் ஒரு பையும் கையில் ஒரு ஸ்வெட்டருமாக, அவர் மனைவி நிதானமாக வந்தாள். தம்பிக்காக அவள் பின்னின ஸ்வெட்டர் அது. மடியிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

அவர் பக்கத்தில் வந்து நின்று, "பெட்ரோல் லாரி திரும்பி வந்துச்சு. ஜன்னல் வழியா பாத்தேன்" என்றாள். "பாத்ததும் எந்திரிச்சு பையை எடுத்துக்கிட்டேன். பாவம் அந்தப் பொண்ணு, என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிட்டே வந்தா. வேண்டாம்மா, நானே வர்றேன்னேன்."

இருபத்து நாலு வருஷமாகச் சாப்பாட்டு மேஜையில் அவர் சொன்ன ஆபீஸ் கதைகளை அவள் பாதிக் காதில்தான் கேட்கிறாள் என்று நினைத்திருந்தார்.

"கணக்கு நீங்களா போட்டீங்க?"

"நான்தான்."

"சரியாப் போட்டீங்களா?"

"சரிதான்."

"அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றாள். அழவில்லை, கத்தவில்லை. அவள் கத்தியிருந்தால் அவர் பிழைத்திருப்பார். காரில் ஏறினதும் தம்பி மனைவிக்குப் போன் போட்டாள். விமானத்தில் உட்கார்ந்ததுமே தம்பியைக் கூப்பிட்டு, "ஏறிட்டேன்டா. இனி போன் எடுக்கமாட்டேன். தூங்கு" என்று சொல்லியிருந்தாள். இப்போது தம்பி மனைவியிடம் சொன்னாள்: "இறக்கிட்டாங்க. நாளைக்குத்தான் கிளம்புறேன். அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதே. நான் மேல பறந்துட்டு இருக்கேன்னே இருக்கட்டும். பயந்த பய, மனசு விட்டுடுவான்."

அப்படியே ஆயிற்று. மறுநாள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது அறுவை அறை வாசலில், "அஞ்சு நிமிஷம் நிக்கலாமா? எங்க அக்கா வருது" என்று நர்ஸிடம் கேட்டிருக்கிறான். நின்றிருக்கிறார்கள். அவன் மனைவியிடம், "இறங்கிட்டாளா?" என்றான். அவள் வேறு என்ன செய்வாள்? "இறங்கிட்டாங்க. கார்ல வந்துட்டிருக்காங்க" என்றாள். "மாமா கணக்கு தப்பாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனான். ஏழு மணி நேரம் அறுத்துத் தைத்து வெளியே கொண்டுவந்தார்கள். அவன் கண் திறக்கவில்லை.

அக்கா அதே நேர் விமானத்தில் மறுநாள் போனாள். இந்த முறை காசு கொடுத்து வாங்கின டிக்கெட். ஆபீசில் யாரும் கைகொட்டிச் சிரிக்கவில்லை. விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது; அவர் உள்ளே நுழைந்தால் பேச்சு நின்றது. ஜூனியர் பெண் வணக்கம் மட்டும் சொன்னாள். பெரிய அதிகாரி கூப்பிட்டு, முதுகில் தட்டி, உங்களை மாதிரி ஆள் வேண்டுமய்யா இந்த வேலைக்கு என்றார். அந்தத் தட்டலை எங்கே கொண்டுபோய்த் துடைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. இறங்கின விமானம் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம் பறந்தது, எவ்வளவு எரிபொருள் மீந்தது என்று டிஸ்பேட்ச் அறைக்குத் தகவல் வரும். தன் கணக்கு எவ்வளவு ஒட்டி வந்திருக்கிறது என்று பார்ப்பது அவருக்கு ஒரு ருசி. நல்ல மார்க் வாங்கின பையன் பேப்பரைத் திரும்பத் திரும்பப் பார்க்கிற மாதிரி பார்ப்பார். அவளை இறக்கிவிட்டுப் போன விமானத்தின் தகவலும் வந்தது. கடலின் பாதியிலேயே எதிர்க்காற்று தணிந்துவிட்டிருக்கிறது. பதினாறு மணி நாற்பது என்று அவர் போட்டார். அது பதினாறு மணி பதினொரு நிமிடத்தில் போய் நின்றது. மூன்று டன்னுக்குமேல் எரிபொருள் மிச்சம். தீவில் இடியும் இல்லை, மழையும் இல்லை, அந்த நேரத்தில் அங்கே வெயில் காய்ந்திருக்கிறது. அவர் எதுவும் பண்ணாமல் பழைய கணக்கிலேயே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாலும் பிசகியிருக்காது. இதில் அவர் தப்பு என்று யாரும் சொல்லமுடியாது. நாளைய காற்றை எவன் கண்டான்? அந்தச் சமாதானத்தை அவரே தனக்குப் பல முறை சொல்லிக்கொண்டார். ஒரு முறைகூட உள்ளே இறங்கவில்லை.

அவள் போய் ஒரு வாரம் ஆனது. தினமும் பேசினாள். மருந்து, டாக்டர், தம்பி பிள்ளைகள் சாப்பிட்டது, இங்கே காஸ் அடைத்தீர்களா, செடிக்குத் தண்ணீர் ஊற்றினீர்களா. அந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேட்கமாட்டாள் என்று அவர் மெல்ல நம்ப ஆரம்பித்தார். ஒரு விடுமுறை நாளில் முற்பகலில் அவர் பால்கனிக் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"சாப்ட்டீங்களா?"

"ஆச்சு. எப்படி இருக்கான்?"

"அப்படியேதான். மயக்க மருந்தை நிறுத்திப் பாத்தாங்க. அசைவில்ல. காது கேக்கும், பேசிட்டே இருங்கன்னு நர்ஸ் சொல்றாங்க. நானும் பேசிட்டே இருக்கேன். பேச என்ன இருக்கு, அவன் சின்ன வயசுல பண்ணின அட்டூழியம் பூரா சொல்லி முடிச்சாச்சு. ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"அன்னிக்கு அந்த ஃப்ளைட் எத்தனை மணி நேரத்துல வந்துச்சு?"

அவர் கையில் ஒரு ஈரச் சட்டை இருந்தது. கொடியில் போடவும் தோன்றாமல் வாளியில் வைக்கவும் தோன்றாமல் நின்றார். பதினாறே முக்கால் என்று சொல்லலாம். அவளுக்கு எப்படித் தெரியப்போகிறது? அந்த ஒரு பொய்யில் இரண்டு பேருக்கும் தூக்கம் வரும். தூக்கம் வராவிட்டாலும், சேர்ந்து விழித்திருக்கலாம்.

"பதினாறு மணி பதினோரு நிமிஷம்" என்றார்.

"நீங்க போட்டது?"

"பதினாறு நாப்பது. காத்து பாதியில விழுந்துடுச்சு."

"தெரியும்" என்றாள். "போன்லயே எல்லாம் போட்டிருக்கானே. அன்னிக்கே பாத்துட்டேன். நீங்களா வாயைத் திறந்து சொல்றீங்களான்னு இத்தனை நாளா பாத்துட்டு இருந்தேன்."

தெருவில் ஒரு லாரி பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. அது நின்ற பிறகு அவள் மறுபடி பேசினாள்.

"உங்க மேல எனக்கு சந்தேகம் இல்ல. காத்தைப் பிடிச்சு வைக்க உங்களால முடியுமா? ஆனா ஒண்ணு மட்டும் நேரா சொல்லிடுங்க. அன்னிக்கு என்னைக் கூட்டிட்டுப் போக வேற வழியே இல்லையா?"

இதற்குப் பதில் சொல்ல ஒரு நாள் முழுக்க விளக்கம் இருந்தது. முப்பது சதவீதம், தீவு, விதிப் புத்தகம், கேப்டன், முந்நூறு பேர். அவ்வளவையும் அவர் வாய்வரை கொண்டுவந்து கீழே போட்டார்.

"இருந்துச்சு" என்றார்.

லைன் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார், போகவில்லை. மறுபடி வைத்தபோது அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. இந்த ஒரு வாரத்தில் அவள் அழுது அவர் கேட்டது அப்போதுதான்.

"அவன் உள்ள போறப்போ நான் கார்ல வந்துட்டிருக்கேன்னு நினைச்சுட்டே போயிருக்கான்" என்றாள். "வந்ததுல இருந்து என்னென்னவோ பேசிட்டேன். இதை மட்டும் சொல்லல. எனக்கு வாய் வரல. எந்த மூஞ்சியோட சொல்றது? நீங்க சொல்லுங்க."

"நானா?"

"நீங்கதான் கணக்கு போட்டீங்க. நீங்களே சொல்லுங்க. போனை அவன் காதுல வைக்கிறேன்."

"என்னன்னு சொல்லட்டும்?"

"ஏன் நான் வரலைன்னு. இப்ப எனக்குச் சொன்னதையும் சேத்து. எதையும் விட்டுடாதீங்க. நான் கேக்கமாட்டேன், தள்ளிப் போய் நிக்கிறேன்."

"இரு, இரு" என்றார். அவள் இருக்கவில்லை. போனுக்குள் துணி உரசியது, நாற்காலி ஒன்று நகர்ந்தது, செருப்புச் சத்தம் சில எட்டு போய் நின்றது. அதன் பிறகு மூச்சு இயந்திரம் மட்டும் கேட்டது. ஒரு இழுப்பு, சின்ன இடைவெளி, ஒரு விடுப்பு. மறுபடி ஒரு இழுப்பு. இவ்வளவு பக்கத்தில் அவர் தன் மச்சானோடு இருந்ததில்லை, அவன் இந்த வீட்டில் அடுத்த அறையில் படுத்திருந்த நாட்களில்கூட இல்லை. கையிலிருந்த சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி அவர் பாதத்தை நனைத்துக்கொண்டிருந்தது. கொடியில் ஏற்கெனவே போட்டிருந்த துணிகள் அசையாமல் தொங்கின.

"மாப்ளே" என்றார்.

இயந்திரம் இழுத்தது. அது மூச்சை விட்டு முடிக்கட்டும் என்று, நடுவில் பேசிவிடக்கூடாது என்கிற மாதிரி, காத்து நின்றார்.

"நான்தாண்டா, மாமா பேசுறேன்."